கடைமடைக்கு வந்த குறட்டை

கிழக்குப் பார்த்து நின்று, உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்துச் சொல்கிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இருந்தால் இனி என் வீட்டு ரசத்தில் தக்காளி விழாமல் போகட்டும். இதை லேசான சாபம் என்று நினைப்பவர்கள், தக்காளி இல்லாமல் ஏழு வருடம் ரசம் வைத்துக் குடித்துப் பார்க்காதவர்கள்.

அந்த ஏழாவது வருடத்து மாசியில் ஒரு காலை, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவேரிப்பட்டியில், உண்ணாமலை தன் முக்கால் ஏக்கர் தோட்டத்தின் நடுவே நின்று ஒரு பூவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“பூத்தா காய்க்கணும். இல்லன்னா பூக்கக் கூடாது. விசேச வீட்டுக்கு வந்தவளாட்டம் மஞ்சளா நின்னுட்டு மூணாம் நாளு உதுந்து போறதுக்கு, நான் எதுக்கு உனக்குத் தண்ணி கட்டணும்?”

பூவின் நடுவிலிருந்து பச்சையாய் ஊசிபோல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்தே ஊரில் அந்தச் செடிக்கு மூக்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வெயிலும் இலைச்சுருட்டை நோயும் சேர்ந்து பழைய தக்காளி ரகங்களை ஒன்று பாக்கியில்லாமல் முடித்துவிட்டிருந்தன. கடைசியில் ஆராய்ச்சி நிலையத்தார் தென்னமெரிக்க மலைப்பக்கத்துக் காட்டுத் தக்காளி ஒன்றைப் பிடித்து வந்து, நம்முடையதோடு கலந்து மூக்கனை உண்டாக்கினார்கள். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் மூக்கன் வாடாது. நோய் வந்தால் நோய்தான் வாடும். எல்லாம் சரி, காய் மட்டும் வைக்காது.

உண்ணாமலைக்கு அது சாதாரணக் கோபம் இல்லை. மூன்று போகம் சேர்ந்தாற்போல் விளைச்சல் காட்டாத நிலத்துக்கு ஏரித் தண்ணீரில் முறை கிடையாது என்பது மாவேரிப்பட்டியின் சட்டம். தலைமடைக்காரர்கள் கீரையையாவது காட்டித் தப்பித்துக்கொண்டார்கள். அவள் நிலம் கீழ்வாய்க்காலின் கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதற்குள் அது தண்ணீர் என்பதையே மறந்துவிடும். இரண்டு போகம் கருகிவிட்டது. இது மூன்றாவது. சித்திரைக் கடைசியில் மடை அடைப்பதற்குள் ஒரு கூடை காயாவது காட்டவில்லையென்றால் முறை போய்விடும். முறை போன நிலத்தில் ஆட்டைத்தான் கட்டலாம். அதுவும் ரொம்ப நேரம் நிற்காது.

“தண்ணி வராததால வெளையல. வெளையாததால தண்ணி வராது. நல்லா இருக்குது உங்க சட்டம்” என்று மடைக்காரர் மாதப்பனிடம் அவள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

“சட்டம்னா அப்படித்தான் இருக்கும் தங்கச்சி” என்றார் மாதப்பன். ஏரி மதகின் சாவி முப்பது வருடமாக அவர் இடுப்பில்தான் இருந்தது. சாவியோடு சேர்ந்து நியாயமும் அங்கேயே இருப்பதாக அவருக்கு நினைப்பு.

அன்று காலை வேளாண் அதிகாரி ஜெபசீலி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். நாற்பது ஊர்களுக்கு ஒரே அதிகாரி என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் அடுத்த ஊரின் அவசரத்திலேயே இருப்பாள்.

“மிஷின் வண்டு குடுத்தமே, விட்டியளாக்கா?”

எலுமிச்சம்பழம் அளவுக்குப் பன்னிரண்டு பொறிகளை ஒரு கம்பெனி கொடுத்திருந்தது. அவை பறந்து போய்ப் பூவைப் பிடித்து ஆட்ட வேண்டும். வெயில் ஏறியதும் பன்னிரண்டும் வரிசையாகப் புளியமரத்து நிழலில் இறங்கி, விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

“வேலைக்குன்னு வந்துட்டு பத்து மணிக்கு நெழல்ல போயி சாயறதுக்கு எனக்கு வீட்லயே ஒண்ணு இருக்குது. நீ வேற பன்னண்டு குடுக்கணுமா?” என்றாள் உண்ணாமலை.

வீட்டிலிருந்த அந்த ஒன்று, பாத்திகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்திருந்தது. பெயர் பச்சையப்பன். காலையில் இரண்டு உருண்டைக் களி உள்ளே போனதும் உலகத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிற மனிதர். திருமணமான இருபத்திரண்டு வருடத்தில் உண்ணாமலை அவரோடு பேசியதைவிட அவரை எழுப்பியதே அதிகம்.

“அந்த மூக்கு எதுக்கும்மா நீட்டிக்கிட்டு நிக்குது? அதைச் சொல்லு முதல்ல” என்றாள் உண்ணாமலை.

ஜெபசீலி குனிந்து ஒரு பூவைத் திருப்பிக் காட்டினாள். “பழைய தக்காளிப் பூவுல இந்த மூக்கு உள்ள ஒடுங்கிக் கெடக்கும்க்கா. சுத்தி இந்த மஞ்சக் குழல் மூடியிருக்கும். காத்து லேசா ஆட்டுனாப் போதும், குழல்ல இருக்க தூள் தம்மூக்குலயே கொட்டிக் காய்ச்சிரும். யாரு தயவும் வேண்டாம். காட்டுச் செடி அப்பிடி இல்ல. மூக்கை வெளிய நீட்டிரும். வண்டு வந்து உக்காரையில மொதல்ல மேல படுதது மூக்குதான். வேற செடியில இருந்து வண்டு கொண்டாந்த தூளை மொதல்ல வாங்கிக்கிடும். பொறவு வண்டு கிர்ருனு அதுர்ந்தாத்தான் குழல் ஓட்டை வழியா தன் தூளைக் கொட்டும். வாங்குதது முன்னால, குடுக்குதது பின்னால.”

“தேனீ இருக்குதே?”

“தேனீக்கு அந்த அதிர்வு வராதுக்கா. பெரிய கருவண்டு வேணும். அதைத்தான் மருந்தடிச்சுக் காலி பண்ணிட்டோமே.”

அப்போது பச்சையப்பன் புரண்டு படுத்தார். அவர் முகத்துக்கு மேலே ஒரு பூங்கொத்து தொங்கியது. அவர் மூச்சை இழுத்து விட்டார்.

அந்தக் குறட்டையை எழுதிக் காட்ட முடியாது. அடைத்த குழாயில் மாட்டு வண்டி ஓடினால் எப்படியோ அப்படி. பூங்கொத்து நடுங்கியது. குழல்களிலிருந்து மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டி அவர் மீசையில் படிந்தது.

ஜெபசீலி கைபேசியை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“எக்கா, செகண்டுக்கு இருநூத்தி அம்பது அதிர்வு. கருவண்டு ரேட்டு. மீசை வேற இருக்கு. இவுக மனுசனே இல்லக்கா.”

“அது தெரிஞ்ச விசயந்தான” என்றாள் உண்ணாமலை.

ஜெபசீலி அந்தச் சந்தோஷத்தில் அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். போகிற போக்கில் மாதப்பனிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் வினை.

சாயங்காலமே ஊர் கூடியது. கீழ்வாய்க்காலில் பதினான்கு தோட்டம். பதினான்கிலும் மூக்கன்தான், எதிலும் காய் இல்லை. மாதப்பன் தொண்டையைச் செருமினார்.

“பச்சையப்பன் இனிமே பொதுச் சொத்து. ஏரித் தண்ணி எப்படியோ அப்படி. தலைமடையில ஆரம்பிச்சு வரிசையா ஒவ்வொரு தோட்டமா எறங்கி வரணும். ஆளுக்கு ரெண்டு நாளு முறை.”

உண்ணாமலை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “அப்படின்னா எம் புருசன் எந் தோட்டத்துக்கு இருபத்தேழாம் நாளு வருவாரா?”

“கடைமடைன்னா கடைசிதான தங்கச்சி.”

“இது ஏரித் தண்ணி இல்லண்ணா! ராத்திரி எங்க வீட்ல சோறு திங்கிற ஆளு!”

“ராத்திரி உன் வீட்லயே இருக்கட்டும். அதுல ஊரு தலையிடாது.”

பச்சையப்பனிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார்கள். மாதப்பன் சோப்பும் செம்பும் கொண்டுவந்திருந்தார். ஒருவர் முறையில் இன்னொருவர் தண்ணீர் கலக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அதனால் தோட்டத்துக்குள் நுழையும் முன் பச்சையப்பனின் மீசையை நுரை வரத் தேய்த்துக் கழுவி, உதறிக் காட்டச் சொன்னார். பிறகுதான் கட்டில் பூவுக்கடியில் இறங்கியது.

பச்சையப்பன் படுத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

“தூக்கம் வரல.”

பிறந்தது முதல் அவர் சொல்லாத வார்த்தை அது. சுற்றி நின்ற இருபது பேரும் மூச்சுவிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். களி கொடுத்தார்கள். மோர் கொடுத்தார்கள். கால் பிடித்துவிட்டார்கள். ஒருவர் தாலாட்டு ஆரம்பிக்க, மற்றவர்கள் அடிக்காத குறையாக நிறுத்தினார்கள். மூன்று நாள் அந்த மனிதர் பொட்டுத் தூக்கம் இல்லாமல் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். வேலை என்று பெயர் வைத்துவிட்டால் பச்சையப்பனால் தூங்கக்கூட முடியாது என்பது உண்ணாமலைக்கு மட்டும் ஆச்சரியமாக இல்லை.

நாலாம் நாள் மாதப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். வாய்க்கால் பாசனச் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தார். இரண்டாம் தீர்மானத்திலேயே பூக்கள் நடுங்க ஆரம்பித்தன. கட்டில் தூக்கியவர்களிலும் இருவர் தூங்கி விழுந்தார்கள்.

அதன் பிறகு தினமும் பத்து மணிக்குக் கீழ்வாய்க்கால் கரையில் கட்டில் போகும். உண்ணாமலை கடைமடையில் நின்றபடி, தன் புருஷன் தலைமடையில் குறட்டை விடுகிற சத்தத்தைக் கேட்பாள். அவள் பூக்கள் மூன்று நாளுக்கு ஒரு தரம் உதிரும். மத்தியானம் கட்டில் கலைந்ததும் பச்சையப்பன் எங்கோ காணாமல் போவார். பொழுது சாயும் நேரத்தில் வரப்பு வழியாக அசைந்தசைந்து வந்து, தன் தோட்டத்து மேற்கு ஓரத்தில் சாய்ந்துகொள்வார்.

“எங்கய்யா போயிட்டு வர்ற?”

“கட்டில்ல படுக்கிறது தூக்கமா? கண்ணுதான் மூடுது. நெசமா தூங்கிட்டு வர்றன்.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தூங்குகிறவனுக்கு இடமா முக்கியம்?

பன்னிரண்டு நாளாயிற்று. ஆறு தோட்டம் முடிந்தது. ஒரு பிஞ்சு இல்லை. ஊர் பச்சையப்பனைப் பார்த்த பார்வை மாறியது. “உன் வீட்டுக்காரன் குறட்டையில ராசி இல்லம்மா” என்று கட்டில் தூக்கியவன் ஒருவன் அவளிடமே சொன்னான்.

“இருபத்திரண்டு வருசமா எனக்கே இல்ல. உனக்கு எங்கிருந்து வரும்?” என்றாள்.

அன்றுதான் ஜெபசீலி திரும்பி வந்தாள். தலைமடைத் தோட்டத்தில் நுழைந்தவள் நாலு செடியின் தண்டில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாத்துலயும் செவப்புச் சீட்டு! நீலச் சீட்டு போட்ட நாத்து எங்க?”

“அது மேல்வாய்க்காலுக்குக் குடுத்துட்டேன்” என்றார் மாதப்பன். “எதுவா இருந்தாலும் வாய்க்கா வாரியாத்தான் பிரிக்கிறது வழக்கம்.”

“ஒரு வரிசை செவப்பு, ஒரு வரிசை நீலம்னு மாத்தி மாத்தி நடச் சொன்னேனா இல்லையா? செவப்பு அத்தனையும் ஒரு தாய்ச்செடியில வெட்டி வேர்விட வச்சது. எல்லாம் ஒரே ரத்தம். இந்த மூக்குக்குத் தன் ரத்தத்துத் தூள் எதுன்னு தெரியும், ஆகாது. வாசல்லயே நிப்பாட்டிரும். நீலச் செடித் தூள் வந்தாத்தான் உள்ள விடும்!”

மாதப்பன் யோசித்தார். “அதாவது பங்காளிக்குள்ள சம்மந்தம் கூடாதுங்குது.”

“ஆமா.”

“அப்ப நல்ல செடிதான்.”

“நல்ல செடிதான்! நீங்கதான்...” என்று ஆரம்பித்த ஜெபசீலி பாதியில் நிறுத்திக்கொண்டாள். “மேல்வாய்க்கால் தோட்டத்துல ஒரு நேரம், இங்க ஒரு நேரம் இவுகளைப் படுக்கப் போடுங்க. மீசையைக் கழுவாதீய. அவ்வளவுதான்.”

“அது நடக்காது. மேல்வாய்க்கா முறை வேற, கீழ்வாய்க்கா முறை வேற. எங்க தாத்தா காலத்துல இருந்து கலந்ததில்ல. தூளுன்னாலும் அதுதான்.”

உண்ணாமலை அங்கே நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்ப இருந்த ஜெபசீலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைமடைக்குப் போனாள். இந்தச் செடியைப் பிடுங்கி எறிய அதிகாரி அனுமதி வேண்டுமாம். அதை வாங்கிவிடலாம் என்றுதான்.

மேற்கு ஓரத்தில், வரப்பை ஒட்டிப் பதினேழு செடியில், இதுவரை அவள் கண்ணில் படாமல் இலைக்கு அடியில், கோலிக்குண்டு அளவுக்குப் பச்சைப் பிஞ்சுகள் தொங்கின.

ஜெபசீலி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு. “இதுக்கு நீலத் தூள் எப்பிடி வந்திச்சு? இங்க யாருக்கா படுப்பா?”

பிஞ்சு நின்ற செடிகள் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு, ஒரு ஆள் புரளுகிற அகலத்துக்கு இருந்தன. உண்ணாமலை வரப்பைப் பார்த்தாள். வரப்பு மேற்கே ஏறி மேல்வாய்க்காலுக்குப் போகிறது. போய்ச் சேரும் முதல் தோட்டம் அவள் அண்ணன் திம்மராயனுடையது.

திம்மராயனோடு அவள் பேசி ஒன்பது வருடம். மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். திம்மராயன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அதற்குள் நல்ல நேரம் போகிறதென்று மாதப்பன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த்தட்டோடு வந்து பந்தலில் நின்றவர் தட்டோடு திரும்பினார். அன்றோடு சரி.

பொழுது சாயப் பச்சையப்பன் அசைந்து வந்தார். மீசை மஞ்சளாயிருந்தது.

“எங்கய்யா போற மத்தியானத்துல?”

“மச்சான் தோட்டத்துக்கு.”

“எத்தினி நாளா?”

பச்சையப்பன் நேர்மையான மனிதர். பொய் சொல்ல விழித்திருக்க வேண்டும். “ஒம்போது வருசமா.”

“ஒம்போது வருசமா!”

“நீங்கதான பேசறதில்ல. நானும் மச்சானும் பேசறதுக்கு என்னா? அவரும் பேசமாட்டாரு, நானும் தூங்கிடுவேன். மீன் கொழம்பு இருந்தா எழுப்பிப் போடுவாரு.”

உண்ணாமலைக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடம் அவள் பல்லைக் கடித்துக் காத்த வைராக்கியத்தின் நடுவே இந்த ஆள் போய் மீன் குழம்பு தின்றுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கோபம் முடிந்தபோது வேறொன்று தெரிந்தது. பதினேழு செடியில் ஒரு கூடை தேறாது. அடுத்த பூ நாளை மறுநாள் விரியும். விரிந்தால் மூன்று நாள். அதை விட்டால் சித்திரைக்குள் பழுக்காது.

அந்தப் பூ விரிந்த காலை, கட்டில் ஏழாவது தோட்டத்தில் இருந்தது. மாதப்பன் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தார். உண்ணாமலை நேரே போய்ப் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள். வாசிப்பு நின்றதும் பச்சையப்பன் விழித்தார்.

“எந்திரிய்யா.”

“தங்கச்சி, முறை நடக்குது!”

“உங்க முறைப்படி பன்னண்டு நாளு நடந்து என்னா காய்ச்சுது? எம் புருசனுக்குக் கண்ணுக்கு அடியில பள்ளம் உழுந்ததுதான் மிச்சம். உங்களுக்கு காய் வேணும்னா கட்டிலத் தூக்கிட்டு எம் பின்னாடி மேல்வாய்க்காலுக்கு வாங்க. முறை வேணும்னா இங்கயே உக்காந்து வாசிங்க.”

யாரும் வரவில்லை. அவள் முன்னால் நடந்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பச்சையப்பன் பின்னால் வந்தார்.

திம்மராயன் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். தங்கையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“இவர இங்க தூங்க வெக்கணும்” என்றாள் உண்ணாமலை. ஒன்பது வருடத்துக்கு அப்புறம் சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

“அதுக்கு எதுக்கு நீ வரணும்? அவரே வருவாரே.”

“இன்னிக்கு நேரத்தோட வரணும். மூணு நாளு. இங்க தூங்கி, உடனே எறங்கி எங்கிட்ட தூங்கணும். இல்லன்னா எனக்கு முறை போயிடும்.”

“உன் முறை போறதுக்கு நான் எதுக்கு...” என்றவர் நிறுத்தி, ஒரு செடியை விலக்கிக் காட்டினார். நீலச் சீட்டு. அதிலும் பிஞ்சு. “எனக்கும் இவரு படுத்த எடத்துல மட்டும் புடிச்சிருக்குது. ஏன்னு தெரியாம மண்ணுல ஏதோ இருக்குதுன்னு வெட்டிப் பாத்துட்டு இருக்கேன்.”

“மண்ணுல இல்ல. எங்க செடித் தூளு.”

“ஓ.”

பச்சையப்பன் அதற்குள் தூங்கிவிட்டார். பூக்கள் நடுங்கின. அண்ணனும் தங்கையும் இரண்டு வரப்பில் உட்கார்ந்து, கீழே ஒரு மீசை மஞ்சளாகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு நான் வேணும்னு லேட் பண்ணல” என்றார் திம்மராயன், செடியைப் பார்த்து.

“தெரியும்.”

“தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்.”

“நீ வந்து கேட்டிருக்கலாம்.”

“நான் எதுக்கு வந்து கேக்கணும்?”

“அப்ப நான் எதுக்கு வந்து சொல்லணும்?”

குறட்டை ஒரு சுற்று நின்று, மறுபடி பிடித்தது.

“பொண்ணு எப்படி இருக்குறா?” என்றார்.

“ஓசூர்ல படிக்கிறா. உன்ன மாதிரியே வாய்.”

மூன்று நாள் அப்படிப் போனது. மேலே ஒரு தூக்கம், கீழே ஒரு தூக்கம். இறங்கும்போது மீசையில் காற்றுப் படாமல் திம்மராயன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சித்திரை முடிய ஐந்து நாள் இருக்கையில் உண்ணாமலை மதகடியில் மாதப்பன் முன்னால் இரண்டு கூடைகளை இறக்கினாள். ஒன்றுதான் சட்டம். இன்னொன்று எரிச்சலுக்கு.

மாதப்பன் ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார். பழத்தைக் கூடையில் திரும்ப வைத்து, “மேல்வாய்க்கா ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும் போல” என்றார். அடுத்த போகத்தில் இரண்டு வாய்க்காலும் நாற்றைக் கலந்து நட்டன. ஜெபசீலி கருவண்டுக் கூடுகள் வைத்த மூங்கில் கட்டுகளை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒவ்வொரு தோட்டத்திலும் தொங்கவிட்டாள். வண்டுகள் யாரையும் கேட்காமல் வாய்க்காலைத் தாண்டின.

ஆக, பச்சையப்பனுக்கு வேலை இல்லை. தூங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஒரு தரம் வேலையாகிப்போன தூக்கம் பிறகு பகலில் அவர் பக்கம் வரவே இல்லை. காலையில் களி தின்றுவிட்டு மலர்ந்த கண்ணோடு தோட்டத்துக்கு வந்துவிடுகிறார். உண்ணாமலை களை எடுத்தால் பின்னாலேயே நின்று, இப்படி எடுக்கக் கூடாது என்கிறார். தண்ணீர் கட்டினால் அந்தப் பக்கம் கட்டு என்கிறார். குச்சி நட்டால் சாய்ந்திருக்கிறது என்கிறார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாய் ஓய்வதில்லை.

“யோவ், போயி எங்கயாச்சும் படுய்யா” என்று அவள் கும்பிட்டுக் கேட்கிறாள்.

“தூக்கம் வரலமே” என்கிறார். சொல்லிவிட்டு, பேச ஆள் தேடிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மேலே சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எனக்குச் சொன்னது அவர்தான். இதை அவர் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எல்லாவற்றையும் தூக்கத்தில் தன் கண்ணாலேயே பார்த்தாராம்.